புகார்தாரரின் சம்மதத்துடன்

கேக்கின் மேல் பச்சைக் க்ரீமை அப்பி, நடுவில் வெள்ளையால் பெரிய பூஜ்யம் ஒன்று போட்டிருந்தார்கள். தியாகராசன் கத்தியை எடுத்து அந்தப் பூஜ்யத்தைச் சரிபாதியாக வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். மங்களாம்பிகையும் தட்டினாள். அன்று காலை ரயிலில்தான் அவள் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். எதற்குக் கேக் என்றே தெரியாது.

“நிலுவைப் புகார் ஒண்ணுகூட இல்ல,” என்றார் தியாகராசன். “தஞ்சாவூர்ல உக்காந்துக்கிட்டே உலகத் தரத்துல வேலை பார்க்க முடியும்னு காட்டிட்டீங்க. க்ளையண்டோட எம்.டி. நேத்து அவரே ஃபோன் பண்ணிப் பாராட்டினாரு.”

மங்களாம்பிகை வாயிலிருந்த கேக்கை மெல்லுவதை நிறுத்தினாள். போன வாரம் அவள் கிளம்பும்போது திரை முழுக்கச் சிவப்பாகக் கிடந்த புகார்கள் ஒரே வாரத்தில் எங்கே போயின? கேக்கை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. காகிதக் கைக்குட்டையில் மெல்ல உமிழ்ந்து மடித்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்து கணினியைத் திறந்தாள்.

வல்லம் சாலையில் மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது அந்த மென்பொருள் கம்பெனியின் கிளை. மங்களாம்பிகை அதில் தரப் பரிசோதனைக்குத் தலைவி. பதினைந்து வருஷம் சென்னையில் குப்பை கொட்டிவிட்டு, அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறாரே என்று ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவள். தியாகராசன் கிளையின் தலைவர். அவரைச் சார் என்று யாரும் கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அங்கே விதி. பெயரைச் சொல்ல வாய் வராததால், பாதிப் பேர் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினார்கள்.

அவர்கள் செய்து தந்திருந்த செயலியின் பெயர் ‘வயல் துணை’. டெல்டாவில் வயலுக்கு அடியில் எண்ணெய்க் குழாய் போகாத வட்டாரம் குறைவு. இனிப் புது எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆனால் பழைய கிணறுகளையும் பழைய குழாய்களையும் அது தொடவில்லை. குழாய் வெடித்து வயலில் எண்ணெய் பாயும், சனங்கள் சாலையில் உட்காருவார்கள், போலீஸ் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்தில் வைக்கும். அப்படி ஒரு பெரிய மறியலுக்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தையில், குழாய் போட்டிருந்த தனியார் கம்பெனி ஒரு வாக்குக் கொடுத்தது. கசிவு கண்டால் விவசாயி போட்டோ எடுத்துச் செயலியில் அனுப்ப வேண்டியது. இரண்டு நாளில் ஆள் வந்து சரி செய்ய வேண்டும். புகார் கொடுத்தவர் திருப்தி என்று சொன்னால்தான் புகார் முடிந்ததாகக் கணக்கு. நிலுவையில் எத்தனை என்பது தினமும் அரசாங்கத்துக்குப் போகும்.

போன மாதம் அந்தக் கம்பெனி ஒரு மாற்றம் கேட்டது. ஆள் போய்ப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு தானியங்கி அழைப்பு போக வேண்டும். ஒன்று அமுக்கினால் புகாரை முடிக்கச் சம்மதம். ஆறு மணி நேரம் பதில் இல்லையென்றாலும் சம்மதம். அழைப்பு போவது புகார் கொடுத்தவர் எண்ணுக்கு அல்ல, அந்தச் சர்வே எண்ணின் பட்டாதாரர் எண்ணுக்கு. மங்களாம்பிகை படித்த அன்றே அதை நிறுத்தினாள். டெல்டாவில் பட்டாதாரர் ஒருத்தர், பயிர் வைப்பவர் இன்னொருத்தர் என்பது இந்த மண்ணில் பிறந்த யாருக்குத் தெரியாது? நிலம் குத்தகையில் இருக்கும், பட்டாதாரர் மாம்பலத்திலோ மஸ்கட்டிலோ இருப்பார்.

யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம் என்பது அந்தக் குழுவின் விதி. அதை எழுதியதே அவள்தான். லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்த குழுவின் செயல்நெறிகளில் முக்கால்வாசி அவள் எழுதியவை. சனிக்கிழமைகளில் இளம் பிள்ளைகளோடு உட்கார்ந்து, சண்டை போட்டு, வார்த்தை வார்த்தையாகச் செதுக்கியது. அவள் நிறுத்தியபோது தியாகராசன் எல்லார் முன்னாலும் அவளைப் புகழ்ந்தார், பித்தளைக் கோப்பை ஒன்றும் கொடுத்தார். மறு வாரமே, சென்னையில் புதிதாகத் திறந்த இன்னொரு கிளைக்கு அந்தச் செயல்நெறிகளைப் பாடம் நடத்திவிட்டு வரச் சொல்லி அவளை அனுப்பினார்.

அவள் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த வாரத்தில்தான் இங்கே அந்த மாற்றம் வெளியே போயிருந்தது.

திரையில் புகார்களுக்கு நேரே வரிசையாக ஒரே வாக்கியம்: ‘புகார்தாரரின் சம்மதத்துடன் முடிக்கப்பட்டது.’ தன் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினாள். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே கீழச்சாத்தங்குடி. ஒரு புகார் இருந்தது. கொடுத்தவர் ராசம்மாள். போட்டோவில் சம்பா நாற்றின் இடுப்பளவுக்குக் கறுப்பாக ஏதோ நின்றது. கீழே அதே வாக்கியம். அதற்குக் கீழே சம்மதம் வந்த கைபேசி எண்.

அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய அப்பாவின் எண்.

தியாகராசனின் கண்ணாடி அறைக்குள் அவள் போனபோது அவர் விரலில் ஒட்டியிருந்த க்ரீமைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் நிறுத்தி வெச்சதை யாரு வெளிய விட்டது?”

“நான்தான்,” என்றார் அவர். மறைக்கவே இல்லை. “நீங்க நிறுத்துனீங்க, நான் பாராட்டினேன். அப்புறம் கூடிப் பேசினோம், முடிவெடுத்தோம்.”

“யாரு பேசினது? நான் இல்லையே.”

“லிங்க் அனுப்பியிருந்தோமே. நீங்க சேரல.”

“நான் கிளாஸ் எடுத்துக்கிட்டிருந்தேன். நீங்க அனுப்பிச்ச கிளாஸ்.” அவள் மேசைக்குக் கிட்டே வந்தாள். “ரெண்டு பேர் பார்க்காம எதுவும் வெளிய போகக் கூடாதே, இன்னொருத்தர் யாரு பார்த்தது?”

“சென்னையில ஒரு பையன் பார்த்தான்.”

“அந்தப் பையனுக்குப் பட்டான்னா என்ன, குத்தகைன்னா என்னன்னு தெரியுமா?”

“கோட் தெரியும்ல, அது போதும்.” தியாகராசன் நாற்காலியில் சாய்ந்தார். “மங்களா, பயனாளருக்குத்தான் முதல் இடம்னு நீங்கதான எழுதினீங்க?”

“வயல்ல நிக்கிறவங்களை நினைச்சு எழுதினேன்.”

“காசு குடுத்துப் பயன்படுத்துறது யாரு? அவங்கதான் பயனாளர்.” அவர் சிரித்தார். “கேக் சாப்பிட்டீங்களா? அய்யங்கார் கடையில சொல்லிச் செஞ்சது.”

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.  

திரும்பி வந்தபோது வீரையன் அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அந்த நிரலை எழுதியது அவன்தான் என்று திரையிலேயே இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள்தான் அவனை வேலைக்கு எடுத்தாள். பாபநாசம் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மாவின் மகன். தெருவில் முதல் முதலாக இன்ஜினியரிங் படித்தவன்.

“உனக்குமா தெரியல, வீரையா?”

“தெரியும்க்கா.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “முடியாதுன்னுதான் சொன்னேன். ‘உன் மறுப்பைப் பதிவு பண்ணிக்கிட்டோம், தைரியமா சொன்னதுக்குப் பாராட்டு, இப்ப எழுது’ன்னாரு. முடிவாகுற வரைக்கும் மாறுபடலாம், முடிவானப்புறம் உடன்படணும்னு நம்ம விதியில இருக்குல்ல. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு அதுல இல்லக்கா.”

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அந்த விதியும் அவள் எழுதியதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா இளையபெருமாள் டிவி பார்த்தபடி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழச்சாத்தங்குடியில் அவருக்கு மூன்று மா நிலம். மங்களாம்பிகை பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அதில் ராசம்மாள் குடும்பம்தான் குத்தகைக்குப் பயிர் வைக்கிறது. எழுத்தில் ஒன்றும் கிடையாது. எல்லாம் வாய்ச்சொல்.

“அப்பா, போன வாரம் உங்களுக்கு மெஷின் பேசுற மாதிரி ஒரு ஃபோன் வந்துச்சா?”

“வந்துச்சு. இங்கிலீஷ்ல என்னமோ சொல்லிட்டு ஒண்ணை அமுக்குன்னுச்சு, அமுக்கினேன். கரண்ட் ஆபீஸ்னு நெனச்சேன். எதுக்கு?”

“நம்ம வயல்ல எண்ணெய் கசியுதுன்னு ராசம்மாக்கா புகார் குடுத்திருக்காங்க. நீங்க அமுக்கினதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு முடிச்சிட்டாங்க.”

இளையபெருமாள் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். “ராசம்மா எதுக்குக் கம்பெனிக்குப் புகார் குடுக்குறா? எங்கிட்டல்ல சொல்லணும்? நிலம் யாரோடது?”

“பயிர் அவங்களோடதுப்பா.”

“இப்பப் புகார்ல பேரு ஏறும், அப்புறம் நான்தான் சாகுபடிதாருன்னு தாலுகா ஆபீஸ்ல போயி நிப்பா. எத்தனை பேரு நிலம் இப்படிப் போயிருக்கு தெரியுமா உனக்கு? ஒண்ணை அமுக்கினதே நல்லதாப் போச்சு.”

எண்ணெய் என்ற வார்த்தையை அவர் அதற்கப்புறம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தட்டைக் கழுவப் போட்டுவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.  கண்ணாடி அறையிலிருந்தாவது வெளியே வர முடிந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் கீழச்சாத்தங்குடிக்குப் போனாள். ஊருக்குள் நுழையும் முன்பே மண்ணெண்ணெயும் அழுகின முட்டையும் கலந்த மாதிரி நாற்றம் வந்தது. வாய்க்கால் மதகைத் தாண்டி வரப்பில் ஏறினாள். போட்டோவில் இடுப்பளவுக்கு நின்ற கறுப்பு, இப்போது பயிரின் குருத்தையே மூடியிருந்தது. தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் படலம் மினுங்கியது. நத்தைகள் வாய் பிளந்து மிதந்தன. கொக்கு ஒன்று முட்டி வரை கறுப்பாகி, பறக்கவும் தெரியாமல் வரப்போரத்தில் நின்றுகொண்டே இருந்தது.

ராசம்மாள் வயலின் மறுகோடியில் சாக்கில் மண்ணைக் கட்டி வரப்பு உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தார் பூசினாற்போல் இருந்தது. ஐம்பது ஐம்பத்தைந்து வயசிருக்கும். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“பாப்பாவா? வாங்க, வாங்க. செருப்பைக் கழட்டாதீங்க, காலு அரிக்கும்.”

“எப்ப இருந்துக்கா இப்படி?”

“போன வாரத்துல இருந்து. அன்னிக்கு இம்புட்டுதான் இருந்துச்சு.” உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். “போட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நாள்ல வருவான்னு சொன்னானுவல்ல. மூணாம் நாளு பார்த்தா, உன் சம்மதத்தோட முடிஞ்சிடுச்சுன்னு போட்டிருக்கு. நான் எங்க சம்மதம் குடுத்தேன்? திருப்பி அனுப்பினா, முடிஞ்சுபோன புகார்னு தள்ளிவிடுது. கம்பெனி கேட்டுல போயி நின்னேன். உன் பேரே இல்லையேங்குறான். பக்கத்து வயலுக்குப் போயிடக் கூடாதேன்னு அடைச்சிக்கிட்டே கெடக்குறேன். இங்க அடைச்சா அங்க உடையுது.”

மங்களாம்பிகை தலையை ஆட்டினாள்.

“நீங்க கம்ப்யூட்டர் ஆபீஸ்லதான இருக்கீங்க, பாப்பா. யாரு சம்மதம் குடுத்ததுன்னு அதுல தெரியுமா?”

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் தோசைத் தட்டும் டிவிச் சத்தமும் ஞாபகம் வந்தன. “பார்க்குறேங்க்கா,” என்றாள். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு தான் சொன்ன அந்த வார்த்தை, நாற்றத்தைவிட மோசமாக இருந்தது அவளுக்கு. ஸ்கூட்டர் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்த நாள் கீழச்சாத்தங்குடிக்காரர்கள் ஒரத்தநாட்டுச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு கழகத்துக் கொடியும், செங்கொடியும், பச்சைத் துண்டும் சாலையில் இருந்தன. ராசம்மாள் எண்ணெயில் ஊறின பயிரைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றது எல்லா டிவியிலும் வந்தது. போலீஸ் அவளை வேனில் ஏற்றும்போது அந்தக் கட்டு ஒரு காவலரின் சட்டையில் விழுந்து கறை பிடித்ததை ஒரு டிவி திரும்பத் திரும்பக் காட்டியது.

அன்றைக்கே தியாகராசன் ஒரு கூட்டம் போட்டார். ஆள் தேடாமல் காரணம் தேடும் கூட்டம். அதுவும் செயல்நெறிகளில் ஒன்று. சென்னையில் ஒரு சின்னப் பிழைக்காக ஒரு பெண்ணை இருபது பேர் முன்னால் அழ வைத்து வீட்டுக்கு அனுப்பியதை மங்களாம்பிகை கண்ணால் பார்த்தவள். இனி ஒரு பிள்ளைக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்று அவள் சேர்த்த விதி.

“யாருன்னு கேக்க வேணாம். எப்படின்னு மட்டும் கேப்போம்,” என்று தொடங்கினார் தியாகராசன். ஆளுக்கு ஒரு மஞ்சள் சீட்டு கொடுக்கப்பட்டது. தோன்றியதை எழுதிப் பலகையில் ஒட்டினார்கள். ‘தகவல் இடைவெளி.’ ‘பயிற்சி தேவை.’ ‘களச் சூழல் பற்றிய புரிதல் குறைவு.’ ஒட்டிய சீட்டுகளைத் தியாகராசன் பாசத்தோடு தடவி நேராக்கினார்.

மங்களாம்பிகை தன் சீட்டை வெறுமையாக மேசையில் வைத்தாள். “காரணம் ஒண்ணுதான். நான் நிறுத்தினதை நீங்க திறந்துவிட்டீங்க.”

 தியாகராசன் முகத்தில் கோபமே இல்லை. வருத்தம்தான் தெரிந்தது. பிள்ளை தப்பு செய்யும்போது படுகிற மாதிரி வருத்தம்.

“மங்களா. நீங்களே இப்படிப் பேசலாமா? பேரு சொல்லாம, விரலை நீட்டாம பேசணும்னு இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான. சீட்டை எடுங்க. பேரில்லாம எழுதுங்க.”

சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவளைப் பார்த்த பார்வையில் மெல்லிய கண்டனம் இருந்தது. விதியை மீறியது அவள்தானே. வீரையன் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அழைப்பு ஆங்கிலத்தில் போனதுதான் பிரச்சினை. இனி அது தமிழில் போகும். எண் அதே எண்தான், பட்டாதாரர் எண்.

மூன்றாம் நாள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். “நம்ம ஊர்ப் பொண்ணு கூட இருந்தா நல்லாயிருக்கும். கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க,” என்று தியாகராசன் மங்களாம்பிகையையும், நிரல் எழுதியவன் என்று வீரையனையும் காரில் அழைத்துப் போனார். நீள மேசையின் ஒரு பக்கம் எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகளும் இவர்களும். எதிர்ப்பக்கம் ஊர்க்காரர்கள். ராசம்மாள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மங்களாம்பிகை எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று அவள் அப்போதுதான் கவனித்தாள். 

கோட்டாட்சியர் நடுத்தர வயதுப் பெண். கோப்பைப் புரட்டினார். “புகார் வந்திருக்கு. ரெண்டாம் நாளே புகார்தாரர் சம்மதத்தோட முடிச்சதா இருக்கு. அப்புறம் எதுக்கு மறியல்?”

“நான் குடுக்கலம்மா,” என்றாள் ராசம்மாள்.

“அழைப்பு போயிருக்கு, பதிலும் வந்திருக்குங்க,” என்றார் தியாகராசன் பணிவாக. “வெளிப்படைத்தன்மை எங்க முதல் கொள்கை. எல்லாம் கணினியில இருக்கு, யார் வேணாலும் பார்க்கலாம். ஒருவேளை அவங்களுக்கு மறந்திருக்கலாம்.”

ராசம்மாளுக்கு மறந்திருக்கலாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் மங்களாம்பிகை எழுந்தது அவளுக்கே தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

“அவங்க மறக்கலைங்க. அவங்களை யாரும் கேக்கவே இல்ல. அழைப்பு போனது பட்டாதாரருக்கு. அந்த நம்பர் என் அப்பாவோடது. அவரு தஞ்சாவூர்ல வீட்டுல உக்காந்துக்கிட்டு ஒண்ணை அமுக்கினாரு. நெலத்துல என் அப்பா கால் வெச்சு இருபது வருஷம் ஆச்சுங்க. சாகுபடி பண்றது ராசம்மாதான். இப்படி ஆகும்னு நான் போன மாசமே சொல்லி நிறுத்தி வெச்சேன். என்னைச் சென்னைக்கு அனுப்பிட்டு வெளிய விட்டாங்க. இந்த வயல் மட்டும் இல்ல, முடிஞ்சதாக் காட்டுற எல்லாமே இப்படித்தான்.”

“உக்காருங்க மங்களா,” என்றார் தியாகராசன் மெல்ல. பிறகு கோட்டாட்சியரிடம், “இவங்களுக்கு இதுல சொந்த விவகாரம் இருக்குங்க. குடும்ப நிலம். அதை எங்ககிட்ட முன்னாடியே சொல்லல. அது எங்க நெறிமுறைக்கு விரோதம்,” என்றார்.

“இவங்க சொல்றதை வேற யாராவது உறுதிப்படுத்துறீங்களா?” என்று கேட்டார் கோட்டாட்சியர்.

தியாகராசன் வீரையனைத் திரும்பிப் பார்த்தார். வீரையன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டான்.

“நான்தாங்க எழுதினேன். எழுதச் சொன்னாங்க. யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சுதான் எழுதினேன்,” என்றான்.

கோட்டாட்சியர் பக்கத்திலிருந்த எழுத்தரிடம் எல்லாவற்றையும் பதியச் சொன்னார். முடித்த புகார்கள் எல்லாவற்றையும் மறுபடி திறக்க வேண்டும், தாசில்தார் நேரில் போய்ப் பார்க்கும் வரை அந்தக் குழாயில் எண்ணெய் ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சத்தம் போட்டுக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் மங்களாம்பிகைக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ராசம்மாள் நின்றிருந்தாள். மங்களாம்பிகை போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“அன்னிக்கு வரப்புல நின்னீங்களே,” என்றாள் ராசம்மாள். “அப்பவே தெரியுமா, நம்பரு யாருதுன்னு?”

“தெரியுங்க்கா.”

“தெரிஞ்சுக்கிட்டுதான் பார்க்குறேன்னு சொன்னீங்க.”

 சற்றுத் தள்ளி நின்ற வீரையனை ராசம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ எந்த ஊரு தம்பி?”

“பாபநாசம் பக்கங்க.”

“ஆத்தா என்ன பண்ணுது?”

“நடவுக்குப் போவுது.”

“நடவுக்குப் போறவ பெத்த புள்ளையா தெரிஞ்சே எழுதினே?” காறித் துப்பினாள். அவன் மேல் அல்ல, பக்கத்தில், மண்ணில். “இப்ப எந்திரிச்சு நின்னு சொல்லிட்டீங்க, ரெண்டு பேரும் நல்லவுங்களாயிட்டீங்க. வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குவீங்க. எனக்கு இந்த சம்பா போச்சே மேடம்.”

அதுவரை அவள் வாயால் மங்களாம்பிகை மேடம் என்று கேட்டதில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த மாதக் கடைசியில் மங்களாம்பிகையையும் வீரையனையும் கம்பெனி அனுப்பிவிட்டது. குழுவின் பண்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று காரணம் சொன்னார்கள். அனுப்பும்போதும் அன்பாகத்தான் அனுப்பினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை, பூச்செண்டு. பூச்செண்டை அவள் கட்டடத்துக் காவலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். வீரையன் திருச்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தான். தியாகராசனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. செயல்நெறிகளைப் பற்றி வல்லம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவர் பேசியதை யாரோ அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் எழுதிய வாக்கியங்களைத் தன் வாக்கியங்களாகவே சொன்னார். நன்றாகச் சொன்னார். அவள் வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

வீட்டில்தான் விவகாரம் பெரிதாயிற்று. கூட்டத்தில் பதிவானதை வைத்துத் தாலுகா அலுவலகத்தில் ராசம்மாளைச் சாகுபடிதாரராக எழுதிவிட்டார்கள். இளையபெருமாள் மகளிடம் பேசுவதை விட்டார். காபி வைத்தால் குடிப்பார், சோறு போட்டால் சாப்பிடுவார். தெரிந்தவர்களிடம், “பெத்த பொண்ணே எம்மேல சாட்சி சொல்லி நிலத்தை வாங்கிக் குடுத்துட்டா,” என்று அவள் காதுபடச் சொல்லுவார். தானே அமுக்கியதை யாரிடமும் சொல்ல மாட்டார். ஒரே மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அப்பா மேல் வருகிற அருவருப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எழுந்து தன் தட்டைச் சமையலறைக்கு எடுத்துப் போவாள்.

தை மாதம் அறுவடைச் சமயத்தில் ஒரு நாள் கீழச்சாத்தங்குடிக்குப் போனாள். சாலை நெடுக நெல் காய்ந்துகொண்டிருந்தது. ராசம்மாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு யாரோ ஒருவருடைய நெல்லைக் காலால் துழாவிக்கொண்டு போனாள். மங்களாம்பிகை வண்டியை நிறுத்தியதும் அவளும் நின்றாள்.

“சாகுபடிதாருன்னு பேரு எழுதிட்டாங்க,” என்றாள். சந்தோஷமாகவும் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை.

“கேள்விப்பட்டேங்க்கா. வயல் எப்படி இருக்கு?”

“கம்பெனிக்காரன் மேல்மண்ணு பூரா லாரியில அள்ளிக்கிட்டுப் போயிட்டான். வேற மண்ணு கொண்டாந்து கொட்டியிருக்கான். எந்த ஊரு மண்ணோ. செக்கச்செவேல்னு கெடக்கு. மழை பேஞ்சும் ஒரு கோரை முளைக்கல. வரப்புல நின்னா இன்னும் அதே நாத்தம்.”

பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது. ராசம்மாள் குனிந்து, சக்கரம் ஏறாமல் இருக்க நெல்லை இரண்டு கையாலும் ஓரமாக ஒதுக்கினாள். மங்களாம்பிகை வண்டியைச் சாலையை விட்டுக் கீழே இறக்கி நிறுத்தினாள்.